பாலத்தைக் கடக்கும் வயிறு

இந்த நோட்டின் முன்பக்கம் முழுக்க நான் தின்றதும் குடித்ததும்தான் இருக்கிறது. "காலை 4.10, வெந்நீர் அரை கிளாஸ். 10.00, பிஸ்கட் இரண்டு. 10.40, வயிறு இழுத்தது. பாத்ரூம்." டாக்டர் எழுதச் சொன்னார், எழுதினேன். இப்போது நோட்டைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், என் படிப்பு முடிந்துவிட்டது. கடிதம்கூட எழுதிப் பழக்கமில்லை. ஆனால் பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நோயின் பெயர் ஐ.பி.எஸ். என்று மூன்று எழுத்து. ஆஸ்பத்திரி வார்டில் இருந்த தமிழ் மிஸி, அதாவது நர்ஸ், "கோவக்காரக் குடல்னு வச்சுக்குங்க அக்கா" என்றார். குடலில் புண் கிடையாது, கட்டி கிடையாது. எடுத்துப் பார்த்தால் நல்ல குடல்தான். ஆனால் ஒழுங்காக வேலை செய்யாது. மற்றவர்களுக்குத் தெரியாத சின்ன அசைவுகூட எங்களுக்கு வலியாகத் தெரியும். ஒரு வாரம் தண்ணீராகப் போகும், அடுத்த வாரம் கல்லாக இறுகும். எப்போது எது என்று சொல்ல முடியாது.

நான் மலேசியாவில், ஜோகூர் பாரு பக்கம், உலு திராமில் இருக்கிறேன். பதினாறு வருடமாகச் சிங்கப்பூரில் ஒரு எலெக்ட்ரானிக் கம்பெனியில் ஆபரேட்டர். காலை நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ் எங்கள் கடைவீதி முனைக்கு வரும். ஜோகூர் பாரு சோதனைச் சாவடியில் இறங்கிக் கடப்பிதழைக் காட்டி, மறுபடி அதே பஸ்ஸில் ஏறி, கடற்பாலத்தைக் கடந்து, அந்தக் கரையில் இன்னொரு முறை இறங்கி, காட்டி, ஏறி, ஏழரைக்குள் வேலைக்குப் போக வேண்டும். பாலம் நீளமே இல்லை. நடந்தால் இருபது நிமிடம். ஆனால் ஜாம் அடித்தால் பஸ் அதன் மேலே ஒரு மணி நேரம் நிற்கும், ஒன்றரை மணி நேரம் நிற்கும். பஸ்ஸில் பாத்ரூம் கிடையாது. இரண்டு பக்கமும் கடல், முன்னாலும் பின்னாலும் பஸ். வயிறு சரியாக இருப்பவர்களுக்கு அது தூங்கும் நேரம். எனக்கு என்னவென்று நான் எப்படிச் சொல்வேன்.

ஆரம்பம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு விருந்தில் சாப்பிட்டுவிட்டு வந்து ஆறு நாள் படுத்தேன். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. என்னோடு சாப்பிட்டவர்களும் படுத்தார்கள். அவர்கள் எழுந்து பழையபடி ஆகிவிட்டார்கள். என் வயிறு மட்டும் அந்த ஆறு நாளிலிருந்து திரும்பி வரவே இல்லை.

முதல் வருடம் சமாளித்தேன். கிளினிக்கில் மருந்து கொடுப்பார்கள், நிற்கும், மறுபடி வரும். பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். போக்கை நிறுத்தும் மாத்திரை கடையில் கிடைக்கும். பஸ் வருவதற்கு முன் இரண்டு. ஒரு வருடம் போனதும் இரண்டு போதவில்லை, நாலு. முந்தின ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு எதுவும் தின்பதில்லை, காலையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. காலியாக இருந்தால் எதுவும் வராது என்பது என் கணக்கு. வேலையிடத்திலும் அப்படித்தான். எங்கள் லைனில் தலையிலிருந்து கால்வரை மூடிய உடுப்பு போட வேண்டும். பாத்ரூம் போக லீடரிடம் அட்டை வாங்கி, உடுப்பைக் கழற்றி, திரும்ப மாட்டிக்கொண்டு வருவதற்குள் பதினைந்து நிமிடம். இரண்டாவது முறை அட்டை கேட்டால் லீடர் மணியைப் பார்ப்பார். அதனால் மத்தியானமும் பட்டினி. வீட்டுக்கு வந்து ராத்திரி எட்டு மணிக்கு, பசி தாங்காமல் இரண்டு ஆள் சோற்றைத் தின்பேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை மாத்திரை போட்டால் என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வயிறு பலகை மாதிரி ஆகிவிடும். அதற்கும் எங்கள் வீட்டில் ஒரு வழி இருந்தது. நிலாவாரை இலை.

எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு இது தெரியும். பள்ளி விடுமுறை விட்டால் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பேதிக்குக் கொடுப்பார்கள். வயிறு கழுவுகிறது என்று பெயர். என் கணவரும் நானும் பண்டார் தெங்காரா பக்கத்து எஸ்டேட் ஆட்கள். அவருக்கு அதில் பெரிய நம்பிக்கை. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் நான் எழுவதற்கு முன்னாலேயே எழுந்து, நிலாவாரையை இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சீனி போட்டு, டம்ளரைக் கையில் கொடுப்பார். "குடிம்மா, வாரம் பூரா ஓடுற, ஒரு நாளாச்சும் வயிறு சுத்தமாகட்டும்" என்பார். அவர் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்ப்பவர். முட்டி வலி. நின்று வேலை செய்தால் கால் வீங்கும். ஆனால் அந்த டம்ளர் ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை. மூன்று வருடம்.

ஒரு நாள் பாலத்தில் மாத்திரை கேட்கவில்லை.

அதை விவரமாக எழுத மாட்டேன். பஸ்ஸின் முதல் சீட்டு, கதவோரம், எப்போதும் நான் அங்கேதான் உட்காருவேன். அந்தக் கரைக்குப் பஸ் போய்ச் சேர்ந்ததும், எல்லாரும் இறங்கும்வரை தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஜாக்கெட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கடைசியாக இறங்கினேன். டிரைவர் செல்வம் அண்ணன் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பவே இல்லை. அவரும் உலு திராம்தான். எங்கள் கோயில் திருவிழாவில் பார்த்தால் தலையாட்டுவார். மறுநாள் காலை ஏறியபோது என் சீட்டுக்குக் கனமான பிளாஸ்டிக் போட்டு, நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தது. பின்சீட்டு எதற்கும் இல்லை. என் சீட்டுக்கு மட்டும்.

அன்றிலிருந்து இரண்டு வருடம் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "மோர்னிங்" என்பார். தரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் மேல் உட்காருவேன். அது சரசரவென்று சத்தம் போடும். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி இருக்கும்.

இந்த வருடம் ஒரு திங்கட்கிழமை, ஜோகூர் பாரு சாவடி வரிசையில் நின்றபோது கால் இரண்டும் துணி மாதிரி ஆகிவிட்டது. நெஞ்சு தப்புத் தப்பாக அடித்தது. விழுந்தது தெரியும், யாரோ "காக், காக்" என்று மலாயில் அக்காவெனக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தட்டியது தெரியும். அப்புறம் ஆம்புலன்ஸ்.

அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். பொட்டாசியம் ரொம்பக் குறைந்துவிட்டது என்றார்கள். அது ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை உப்பு. தசையும் இதயமும் ஒழுங்காக அசைவதற்கு அது வேண்டும். வயிற்றுப்போக்கு அதிகமானால் அதோடு சேர்ந்து போய்விடும். சொட்டு மருந்தில் ஏற்றினார்கள். கை நரம்பு முழுக்க எரிந்தது.

பார்க்க வந்த டாக்டர் தமிழ்ப் பையன். என் மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். எனக்கு அதுவே பெரிய தண்டனை. மலாய் டாக்டராக இருந்தால், வயிற்றுப்போக்குக்கு அவர்கள் சொல்கிற 'சிரிட்-பிரிட்' என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொல்லிவிடுவேன். அந்த வார்த்தை யாருடையதோ மாதிரி இருக்கும். தமிழில் கேட்டால் நாக்கு எழவில்லை.

"ஆன்ட்டி, ஒரு நாளைக்கு எத்தன தடவ போறீங்க?"

"பரவால்ல டாக்டர்."

"பரவால்லன்னா எத்தன?"

"...ரெண்டு."

உண்மையில் அதற்கு முந்தின சனிக்கிழமை பதினொன்று.

"வேற ஏதாச்சும் மருந்து எடுக்குறீங்களா? கடை மருந்து, நாட்டு மருந்து, மலாய்க்கார ஜாமு?"

"இல்ல டாக்டர்."

மாத்திரையை வேண்டுமென்றே மறைத்தேன். அதைச் சொன்னால் பாலத்தைச் சொல்ல வேண்டும், பாலத்தைச் சொன்னால் சீட்டைச் சொல்ல வேண்டும். ஆனால் நிலாவாரையை நான் மறைக்கவில்லை. சாமி சத்தியமாக அது மருந்து என்று என் புத்திக்குத் தோன்றவில்லை. காப்பியை மருந்து என்று யாராவது சொல்வார்களா? அது வீட்டில் கொடுக்கிற தண்ணி. வேறு வேறு ஆட்கள் மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் நிம்மதியாக இல்லை என்றேன்.

வார்டில் போட்டார்கள். தைராய்டு ரத்தப் பரிசோதனை, கோதுமை ஒத்துக்கொள்ளாத நோய் இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை, மலப் பரிசோதனை. அப்புறம், "குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாத்துருவோம், ஆன்ட்டிக்கு வயசும் ஆகுது" என்றார் டாக்டர். எனக்கு நாற்பத்தொன்பது. வயசும் ஆகுது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். புற்றுநோய் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்லாததால் அது நான் படுத்திருந்த கட்டிலைச் சுற்றியே நின்றது.

கேமராவுக்கு முந்தின நாள் குடலைக் காலி பண்ண உப்பும் எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒரு தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிக்கச் சொன்னார்கள். அடுத்த கட்டிலில் இருந்த 'மாக்சிக்' ஒருவருக்கும் அதேதான். வயதான மலாய்க்கார அம்மா, வாய் ஓயாது. நாங்கள் மாறி மாறி ஓடினோம். ஒரு முறை வாசலில் முட்டிக்கொண்டபோது, "நீ முதல்ல போ, உனக்கு வயசு கம்மி, வேகமா முடிச்சிருவ" என்று மலாயில் சொல்லி என்னைத் தள்ளிவிட்டார். நான் சிரித்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கட்டிலிலிருந்து பாத்ரூம் எட்டு அடி. எண்ணிப் பார்த்தேன், எட்டு. ஓடினாலும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நாலு வருடத்தில் என் வயிற்றைப் பற்றிப் பயப்படாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான். அதை நினைத்தபோது அழுகை வந்தது. மனிதர் இருக்க ஆசைப்படுகிற இடமா அது?

கேமரா விடும்போது அரை மயக்கம். வலி தெரியவில்லை. குளிர்ந்த காற்று உள்ளே போவது மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் பார்வையாளர் நேரம். என் கணவர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மோட்டாரில் வந்திருந்தார். கையில் ஒரு பை. பைக்குள் கஞ்சி, என் மகள் தங்காக்கிலிருந்து அனுப்பிய பார்சல், ஒரு ஃப்ளாஸ்க். மகள் அங்கே துணிக்கடையில் வேலை செய்கிறாள். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. பார்சலைப் பிரித்தேன். ஆறு கால்சட்டைகள். ஆறும் கறுப்பு. இடுப்பில் எலாஸ்டிக். சட்டென்று இறக்கலாம், கறை தெரியாது. நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில், "ஆஃபர்ல கெடச்சுதும்மா" என்று மட்டும் எழுதியிருந்தாள். ஆறு கால்சட்டையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் டாக்டர் வந்தார். சிரித்த முகம்.

"ஆன்ட்டி, நல்ல செய்தி. கேன்சர் இல்ல. புண் இல்ல. ஒண்ணுமில்ல."

என் கணவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "ஐயா, நீங்க நல்லா இருக்கணும்."

"ஒரே ஒரு விஷயம்தான் புரியல" என்றார் டாக்டர். "குடல் உள்பக்கம் கறுத்துப்போய் இருக்கு. சிறுத்தைத் தோல் மாதிரி. அதனால ஆபத்து இல்ல. ஆனா பேதி இலை ரொம்ப நாள் சாப்பிடுறவங்களுக்குத்தான் அப்படி வரும். ஆன்ட்டி ஏதாச்சும்..."

"சேச்சே, இவ மருந்து மாயமெல்லாம் தொடமாட்டா டாக்டர்" என்று என் கணவர் முந்திக்கொண்டார். குரலில் பெருமை. "கிளினிக் மாத்திரையே முழுங்கமாட்டா. நம்ம இலைத் தண்ணி மட்டும்தான். சனிக்கிழமை சனிக்கிழமை நானே என் கையால போட்டுக் குடுப்பேன். இன்னைக்குக்கூடக் கொண்டாந்திருக்கேன் பாருங்க. ஆஸ்பத்திரி மருந்துச் சூடு எறங்கட்டும்னு."

ஃப்ளாஸ்கைத் திறந்தும் காட்டினார். இஞ்சி வாசம் வந்தது.

டாக்டர் ஃப்ளாஸ்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மிஸி வாயைப் பொத்திக்கொண்டார். "அலமாக், அண்ணே" என்றார் மெதுவாக.

அதன் பிறகு எதையும் மறைத்துப் பயனில்லை. மாத்திரையைச் சொன்னேன். பட்டினியைச் சொன்னேன். பாலத்தைச் சொன்னேன். கால்சட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சீட்டை மட்டும் சொல்லவில்லை.

டாக்டர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். இந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று ஒரே ஒன்றைக் காட்ட முடியாது. கெட்ட உணவால் ஒரு முறை குடல் பலமாக அடிபட்டால், கிருமி போன பிறகும் குடல் அந்தப் பயத்திலேயே இருக்கலாம். எனக்கு அந்த விருந்து தொடக்கமாக இருந்திருக்கலாம். மூளைக்கும் குடலுக்கும் நடுவில் நரம்பு ஓடுகிறது, இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். பாலத்தை நினைத்து மூளை பயந்தால் குடல் இழுக்கும், குடல் இழுத்தால் மூளை இன்னும் பயப்படும். குடலுக்குள் இருக்கிற நல்ல கிருமிகள் மாறிப்போயிருக்கலாம். சில சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அதன் மேல் நாள் முழுக்கப் பட்டினி கிடந்து ராத்திரி ஒரேயடியாகத் தின்பது.

"இதுக்கு மேல வாரம் பூரா மாத்திரையால கட்டிப்போட்டு, சனிக்கிழமை இலையால அடிச்சு வெரட்டியிருக்கீங்க. பாவம் ஆன்ட்டி, அந்தக் குடல் என்னதான் பண்ணும்? பொட்டாசியம் எறங்கினதுக்கும் அதான் காரணம்."

"அப்ப இலைய விட்டுட்டா சரியாப்போயிருமா?" என்று கேட்டேன்.

"மயக்கம் வராது. கறுப்பு மாறிடும். வயிறு... கொஞ்சம் கொறையும். முழுசாப் போகும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

டாக்டர் போன பிறகு என் கணவர் ஃப்ளாஸ்கை மூடினார். மூடியைத் திருகினார், திருகினார், அது முடிந்த பிறகும் திருகிக்கொண்டிருந்தார்.

"நான்தான் ஊத்திக் குடுத்தேன்" என்றார்.

"நீங்க என்ன தெரிஞ்சா குடுத்தீங்க?"

"நீ ஒரு நாளாச்சும் வேணாம்னு சொல்லியிருக்கலாமேம்மா."

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. எத்தனையோ சனிக்கிழமை அந்த டம்ளரைப் பார்த்தாலே குமட்டியிருக்கிறது. முட்டி வலியோடு அடுப்படியில் நின்ற மனிதரிடம் எப்படி வேண்டாம் என்பது? குடித்தேன். அவர் அன்பாகக் கொடுத்தார், நான் அன்பாகக் குடித்தேன், ரத்தத்தில் உப்பு இறங்கியது.

மிஸி ஃப்ளாஸ்கை வாங்கிக்கொண்டுபோய்ச் சிங்க்கில் ஊற்றினார்.

சாயங்காலம் என் கணவர் வராந்தாவில் நின்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் பேசியது கேட்டது. "ஒண்ணுமில்லயாம். ஆமா, ஒண்ணுமே இல்லயாம். சும்மா வயிறுதானாம்." எனக்கு எப்படி இருந்தது என்பதை எழுதினால் பாவம் பிடிக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. கட்டி என்றால் வெட்டுவார்கள். புண் என்றால் ஆற்றுவார்கள். பேர் சொல்லி லீவு கேட்கலாம், யாரும் மணியைப் பார்க்க மாட்டார்கள். ஒன்றும் இல்லாத நோயைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்? மாக்சிக்கைப் பார்க்க அவர் பிள்ளைகள் ஆறு பேர் வந்து அழுதுகொண்டு நின்றார்கள். அவருக்கு ஏதோ இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "உனக்கு இல்லல்ல? நல்லது, ரொம்ப நல்லது" என்றார். நான் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வரும்போது டாக்டர் பேப்பரில் எழுதிக் கொடுத்தார். இலை கூடவே கூடாது. நிறுத்தும் மாத்திரை விஷமில்லை, ஆனால் தினம் நாலு கூடாது. ரொம்பத் தேவையான அன்றைக்கு மட்டும், அவர் சொன்ன அளவு. குடல் இழுப்பைத் தளர்த்த வேறு ஒரு மாத்திரை. மூன்று வேளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். கொஞ்ச நாளைக்கு வெங்காயம், பூண்டு, பருப்பு, பால், கோதுமை விட்டுப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுத வேண்டும். அதற்குத்தான் இந்த நோட்டு.

வெங்காயமும் பூண்டும் பருப்பும் இல்லாமல் நம் சமையலில் மிச்சம் என்ன இருக்கிறது? என் கணவர் அதையும் செய்தார். சனிக்கிழமை விடிந்ததும் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டு எனக்குத் திக்கென்றது. டம்ளரை நீட்டினார். சீரகமும் மிளகும் மட்டும் போட்ட வெறும் ரசம். "பூண்டு இல்ல. இது ஒண்ணும் பண்ணாதுல்ல?" என்று கேட்டுவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் நோட்டை எடுத்து, "எழுதிரு, எழுதிரு" என்று நீட்டினார்.

மூன்று வாரம் மருத்துவ விடுப்பு. முடியும்போது கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. திங்கட்கிழமை வர வேண்டும், இனி தாமதமானாலோ லீவு போட்டாலோ பேச வேண்டியிருக்கும். இரண்டு வரிதான். வேலை போனால் வேலை அனுமதியும் போகும். என் வயதில் இந்தப் படிப்புக்கு இன்னொன்று கிடைக்காது. இவர் முட்டியை நம்பி வீடு ஓடாது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அந்தப் பாலத்தின் மேலேயேதான் இருந்தேன். சமைக்கும்போதும் பாலம், குளிக்கும்போதும் பாலம். நாலு மாத்திரை என்கிற பூட்டு இல்லை. ஒரே ஒரு மாத்திரையைத் தாளில் சுருட்டிக் கைப்பையில் வைத்தேன். டாக்டர் கடைசியாகச் சொன்ன ஒன்று மண்டையில் சுற்றிக்கொண்டே இருந்தது. "ஆன்ட்டி, அந்த பஸ் டிரைவர்கிட்ட ஒரு வார்த்த முன்னாடியே சொல்லி வைங்க. கதவு தொறப்பாங்கன்னு தெரிஞ்சாலே குடல் பாதி அடங்கிடும்." மருந்து எழுதுகிற மாதிரி சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் அந்த மனிதரிடம் இரண்டு வருடமாக மோர்னிங்கூடச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை நாலரைக்கே போய்விட்டேன். என் கணவர் மோட்டாரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, போகாமல் எதிர்க்கடை வாசலில் நின்றார். பஸ் காலியாக நின்றது. செல்வம் அண்ணன் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பரமேஸ், ஒடம்பு தேவலையா?"

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"எனக்கு வயித்துல ஒரு வியாதி. ஒட்டாது யாருக்கும். பாலத்துல நிக்கும்போது அவசரமா வந்துருச்சுன்னா... கதவத் தொறந்து விடுவீங்களா? நான் நடந்து போயிர்றேன். அந்தப் பக்கத்துல வந்து ஏறிக்கிறேன்."

"அங்க தொறக்கக் கூடாது" என்றார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அட, கூடாதுதான்னு சொன்னேன். தொறக்க மாட்டேன்னா சொன்னேன்? எல்லா பஸ்ஸும் தொறக்குது. கேட்டாத்தானே தொறப்பாங்க. இதச் சொல்லவா இத்தன வருஷம்?"

"வெக்கமா இருந்துச்சு அண்ணே. அந்த சீட்டுக்கு நீங்க... பிளாஸ்டிக்..."

அவர் பஸ்ஸில் ஏறி, என்னையும் வரச் சொல்லிக் கையாட்டினார். உள் விளக்கைப் போட்டார். தன் சீட்டைக் காட்டினார்.

அதிலும் அதே பிளாஸ்டிக். ஒரே சுருளில் வெட்டியது. நாலு பக்கமும் அதே கயிற்றால் கட்டியிருந்தது. என்னுடையதைவிடப் பழசாக, மஞ்சளாகியிருந்தது. இத்தனை வருடமும் அவர் அதன் மேல் உட்கார்ந்திருந்ததால் நான் பார்த்ததில்லை.

"ஒனக்கு முன்னாடியே எனக்குப் போட்டாச்சு" என்றார். ஸ்டீயரிங் பக்கத்துச் சின்னப் பெட்டியைத் திறந்தார். நான் விழுங்கிய அதே மாத்திரை, அட்டை அட்டையாக. "நீயாச்சும் எறங்கி நடந்து போவ. முப்பது பேர பாலத்து மேல உட்டுட்டு நான் எங்கம்மா எறங்குறது?"

மற்றவர்கள் ஏறத் தொடங்கினார்கள். அவர் பெட்டியை மூடினார்.

அன்றைக்கு ஜாம். பாலத்தின் பாதியில் வந்துவிட்டது. தொப்புளுக்குக் கீழே முறுக்கிக்கொண்டு, முதுகெல்லாம் வியர்த்து. எழுந்து நின்றேன். ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். நடந்தேன், அப்புறம் ஓடினேன். மகள் அனுப்பிய கறுப்புக் கால்சட்டையோடு, நாற்பத்தொன்பது வயதில், பஸ் ஜன்னல்களிலிருந்து எல்லாரும் பார்க்க ஓடினேன். அந்தக் கரைச் சாவடிப் பாத்ரூமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். மயிரிழைதான். எல்லா நாளும் அப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு ஒரு நாள் போய்ச் சேரவில்லை. அதையும் நோட்டின் முன்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். வயிறு சரியாகவில்லை. வாரத்தில் இரண்டு நாள் நல்ல நாள். முன்னால் அதுவும் கிடையாது.

அன்றைக்குக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து பாலத்தைத் திரும்பிப் பார்த்தேன். பஸ் வரிசை நகரவே இல்லை. எங்கள் பஸ் எது என்று தெரியவில்லை. அந்தப் பஸ்ஸுக்குள் செல்வம் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் இறங்கும்போது அவர்தான் கேட்டார். "டாக்டர் என்ன சொன்னாருன்னு எனக்கு எழுதிக் குடேன். கூச்சமா இருக்கு, நேர்ல போயி என்னன்னு சொல்றது?" அதனால்தான் இத்தனையும் எழுதினேன்.

அண்ணே, இது உங்களுக்கு. பட்டினி கிடக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்களுக்கு இருப்பதும் இதேதானா என்று நமக்குத் தெரியாது. எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எத்தனை தடவை என்று டாக்டர் கேட்டால் நிஜமான கணக்கைச் சொல்லுங்கள். வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்டால், என்னை மாதிரி இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். பெட்டியில் இருக்கிற அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அண்ணி வீட்டில் ஆசையாக ஏதாவது காய்ச்சிக் கொடுத்தால் அதையும் சொல்லுங்கள். அதைத்தான் முதலில் சொல்லுங்கள்.

என் சீட்டுப் பிளாஸ்டிக்கை எடுத்துவிடவா என்று நேற்று கேட்டீர்கள். வேண்டாம் அண்ணே. இருக்கட்டும்.